சலவை மேடத்துக்கு என்ன ஆச்சு?

கேட்கப்பட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. துவைத்து, காயவைத்து, மடித்து அடுக்கிய துணிகளோடு இரண்டு தள்ளுவண்டிகள் லிஃப்ட் வாசலில் நின்றன. ஒன்று பிரசவ வார்டுக்கு, மற்றது ஆபரேஷன் தியேட்டருக்கு. லிஃப்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம்.

“மேடம், எதை முதல்ல அனுப்பட்டும்?”

கேட்டவர் சலவை மேடத்தின் உதவி மேற்பார்வையாளர். இயந்திர இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்தியே வேலை பார்த்துப் பழகியவர் என்பதால் எல்லோரும் அவரைச் ‘சத்தம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை லிஃப்டில் அவர் யாரிடமோ ரகசியம் சொல்லப்போய், எல்லா மாடிக்கும் சேதி போய்ச் சேர்ந்ததாக ஒரு கதை உண்டு. ஆக, கேள்வி அவள் காதில் விழாமல் போக வழியே இல்லை. விழுந்தது. பதில்தான் வரவில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் முதலில் போக வேண்டும். சலவைப் பிரிவில் நேற்று சேர்ந்தவருக்கும் அது தெரியும். அவளுக்கோ எது வலது கை, எது இடது கை என்பது போலத் தெரிந்த விஷயம். ஆனால் அந்த நிமிஷம் இரண்டு வண்டியும் ஒன்று போலவே இருந்தன. இந்தக் கேள்விக்குப் பின்னால் வேறு ஏதோ கேட்கிறார், யோசிக்காமல் சொல்லிவிட்டால் வம்பாகிவிடும் என்று தோன்றியது.

“கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு, துணி இருப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அலமாரி அலமாரியாக வெள்ளைப் படுக்கை விரிப்புகள். அழுகை எல்லாம் வரவில்லை. சத்தம் என்ன கேட்டார் என்று நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது இரண்டு வண்டியுமே போயிருந்தன.

“நீங்க ஏதோ பெரிய யோசனையில இருந்தீங்க. அதான் நானே தியேட்டருக்கு முதல்ல தள்ளிவிட்டுட்டேன். சரிதானே மேடம்?”

“சரிதான்” என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளுக்கு விளங்கவில்லை. குரல் பாட்டுக்கு மேடமாகவே இருந்தது. உள்ளே இருந்தவள்தான் எங்கோ போயிருந்தாள்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது சலவைப் பிரிவு. சன்னல் கிடையாது; சுவரின் உச்சியில் காற்றுப்போக்கிக் கம்பிகள் வழியாகத் தெருவில் போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். அறையின் நடுவே ஒரு சுவர். இந்தப் பக்கம் அழுக்குத் துணி வரும். சுவருக்குள் பதித்திருக்கும் பெரிய துவைப்பு இயந்திரங்களின் வாய் வழியாக உள்ளே போய், அந்தப் பக்கம் சுத்தத் துணியாக வெளியே விழும். பிறகு உலர்த்தி. பிறகு ரோலர் எனப்படும் நீளமான சூட்டு உருளை. ஈர விரிப்பு ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் அப்பளமாக வரும்.

கல்யாணமான புதிதில் அவள் சேர்ந்தது அந்த ரோலர் முனையில்தான். விரிப்பின் இரண்டு மூலையை இவள் பிடிக்க, மற்ற இரண்டு மூலையைப் பிடித்தவள் குருவி. ஓயாமல் கீச்சுக்கீச்சென்று பேசிக்கொண்டே இருப்பாள் என்பதால் அந்தப் பெயர். விரிப்பை உதறி, இழுத்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்துவந்து மடித்து, மறுபடி பின்னால் போவார்கள். வருஷக்கணக்காக இதே வேலை. பிள்ளைப்பேறு, மாமியார் சண்டை, வீட்டுக்காரர்களின் குறட்டை எல்லாம் அந்த விரிப்புகளுக்கு மேலாகவே பேசித் தீர்த்தார்கள். நடுவே போகிற செவிலியர்கள், “நீங்க ரெண்டு பேரும் துணி மடிக்கிறீங்களா, வீட்டுக் கதையா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றபோது இவளைத்தான் அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். குருவி கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள். மறுநாள் காலையில் ‘அக்கா’ போய் ‘மேடம்’ வந்துவிட்டது. குருவி மட்டும் கொஞ்ச நாள் “ஏய்” என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தலைமைச் செவிலியர் எதிரில் அவளும் “மேடம்” என்றாள். முதலில் அது விளையாட்டு போலத்தான் இருந்தது. பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

சாப்பாட்டு மேஜையிலும் அப்படித்தான். இவள் டப்பாவோடு போய் உட்கார்ந்தால் பேச்சு சட்டென்று வெயில், மழை, பஸ் நெரிசல் என்று திரும்பிவிடும். யாரும் முகம் சுளிக்கவில்லை. நகர்ந்து இடம்கூட விட்டார்கள். அந்த இடம் விட்டதுதான் உறுத்தியது. மெல்ல மெல்ல அவள் தன் கண்ணாடி அறையிலேயே சாப்பிட ஆரம்பித்தாள். அங்கிருந்து எல்லோரையும் பார்க்கலாம். எல்லோரும் அவள் தனியாகச் சாப்பிடுவதையும் பார்க்கலாம்.

இதெல்லாம் பழகிப்போன விஷயம். பழகாதது வேறொன்று. தள்ளுவண்டி நாளுக்குப் பல மாதங்கள் முன்பு நிர்வாகி அவளை மாடிக்குக் கூப்பிட்டார். அவளைவிட வயதில் இளையவர். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசுவார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

“மேடம், உங்களை நம்பிச் சொல்றேன். சலவையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துடலாமான்னு மேல ஒரு பேச்சு ஓடுது. இன்னும் முடிவாகல. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது.”

“நம்ம ஆளுங்க சார்?”

“அதெல்லாம் முடிவானப்புறம் பாத்துக்கலாம்.”

தலையாட்டிவிட்டு வந்தாள். ‘உங்களை நம்பி’ என்றாரே, அந்த வார்த்தையில் ஒரு பெருமைகூட இருந்தது. கடைசிப் படியில் கால் வைத்தபோது அது போய்விட்டது. கீழே எல்லோரும் வழக்கம் போல வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எந்தக் கேள்வி வந்தாலும், அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி குந்தியிருந்தது. உலர்த்தி பார்க்கிறவர் வந்து, “எங்க சின்னவளை இந்தப் பக்கத்து ஸ்கூல்லயே சேர்த்துடட்டுமா மேடம்? வேலைக்கு வரும்போதே கூட்டிட்டு வந்துடுவேன்” என்று கேட்பார். சேருங்கள் என்று எப்படிச் சொல்வது? வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? “உங்க விருப்பம்” என்பாள். “என்ன மேடம், இப்பல்லாம் எதுக்கும் பிடி கொடுக்க மாட்டேங்கறீங்க” என்று அவர் சிரித்துக்கொண்டே போவார்.

சோப்புத்தூள் தீர்ந்தது, பெல்ட் அறுந்தது என்று நிர்வாகியைப் பார்க்க மாடிக்குப் போகும்போதெல்லாம் அவர் முகத்தையே பார்ப்பாள். அவர் பெல்ட்டைப் பற்றி மட்டும் பேசுவார். மூச்சு விடக்கூடாது என்றாரே, அவரிடமும் விடக்கூடாதோ என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிடுவாள்.

தாடை வலிக்கத் தொடங்கியது. பல் மருத்துவர் பார்த்துவிட்டு, “தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீங்க. மனசுல ஏதாவது கவலையா?” என்றார். “ஒரு கவலையும் இல்ல டாக்டர்” என்றாள். பொய் சொல்வதாகவே அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் நடக்காத ஒன்றைக் கவலைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? பிறகு படபடப்பு, இதயத்தைப் பார்த்தார்கள். தலைசுற்றல், கண்ணையும் காதையும் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே வேலை என்பதால் எல்லா டாக்டரும் தெரிந்தவர்கள். எல்லோரும் சிரித்த முகத்தோடு, “எல்லாம் நார்மல்” என்றார்கள். ஒவ்வொரு நார்மலுக்கும் அவளுக்குக் குழப்பம் கூடியது. ஏதாவது ஒன்று உடைந்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

வீட்டில் அவளுடைய கணவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்திலேயே காலம் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து எதற்கும் பதறாத சுபாவம் வந்திருந்தது. வீட்டுத் துணி துவைப்பது அவர் பொறுப்பு. “ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறவ, வீட்டுலயுமா?” என்று கல்யாணமான வருஷமே எடுத்துக்கொண்ட வேலை. மடிப்பது மட்டும் இன்றுவரை வரவில்லை, சுருட்டித்தான் வைப்பார்.

ஒரு மாலை கடைக்கு எண்ணெய் வாங்கப் போனவள் வெறுங்கையோடு திரும்பினாள்.

“கடை பூட்டியிருந்துச்சா?” என்றார் கணவர்.

“திறந்துதான் இருந்துச்சு.”

“எண்ணெய் இல்லையா?”

“நிறைய இருந்துச்சுங்க. எதை எடுக்கறதுன்னு தெரியல.”

கல்லூரிக்குப் போகும் மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து அம்மாவையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தாள். “நாம எப்பவும் வாங்கறதும்மா. மஞ்சள் மூடி.”

“தெரியும்டி. மஞ்சள் மூடியைப் பாத்துட்டேதான் நின்னேன்.”

யாரும் சிரிக்கவில்லை. கணவர் பையை வாங்கிக்கொண்டு தானே போய் எண்ணெய் வாங்கி வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

தள்ளுவண்டி நாள் வந்தது இதற்குப் பிறகுதான். அது முடிந்த சில நாளில் குருவி கண்ணாடிக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். வெகுநாள் கழித்து முகத்தில் பழைய வெளிச்சம்.

“மேடம்… இல்ல, இப்ப யாரும் இல்ல. ஏய், ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி தெருவுல ஒரு வீடு காலியாகுது. மாடி. மொட்டை மாடி எங்களுக்கே. ரெண்டு பஸ் மாறி வர்ற பொழப்பு தீரும். நாளைக்குள்ள சொல்லணுமாம். எடுத்துடட்டுமா?”

எடு என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வேலை போய்விட்டால் அந்தத் தெருவில் குருவிக்கு என்ன இருக்கிறது? பழைய வீட்டுப் பக்கமாவது அவள் அக்கா இருக்கிறாள்.

“அவசரப்படாத” என்றாள்.

“ஏன்?”

“இல்ல… கொஞ்சம் பொறு.”

“என்னத்துக்குப் பொறுக்கணும்? காரணம் சொல்லு.”

“காரணம்னு ஒண்ணும் இல்ல. பொறுன்னா பொறேன்.”

“நான் பக்கத்துல குடிவந்துட்டா உனக்கு என்ன சங்கடம்? மேடம் வீட்டைவிட எனக்கு வசதியாப் போயிடும்னா?”

“என்னடி பேசற நீ?”

“எனக்குத் தெரியல மேடம். நீங்கதான் எதுவும் பேச மாட்டேங்கறீங்க.” கதவை மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனாள். வீட்டை எடுக்கவில்லை. ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் சொல்லைத் தட்ட முடியாத பாழாய்ப்போன நம்பிக்கை. அடுத்த வாரமே வேறு யாரோ அங்கே குடிவந்துவிட்டார்கள்.

இந்த நேரம் பார்த்து நிர்வாகத்திலிருந்து ஒரு ஏற்பாடு வந்தது. எல்லாப் பிரிவின் மேற்பார்வையாளர்களும் மாடியில் ஒரு மனநல ஆலோசகரைத் தனித்தனியாகப் பார்த்துப் பேசலாம்; வேலை நேரத்திலேயே போகலாம். வீட்டில் சொன்னாள்.

“எதுக்குங்க மேற்பார்வையாளருக்கு மட்டும்?”

கணவர் யோசித்தார். “அடிக்கறதுக்கு முன்னாடி தடவிக் கொடுக்கறாங்களோ?”

அவர் வேடிக்கையாகச் சொன்னதுதான். அவள் அதையே பிடித்துக்கொண்டாள். ஆக, முடிவாகிவிட்டது. முதலில் எங்களைப் பக்குவப்படுத்தப் பார்க்கிறார்கள்.

ஆலோசகரின் அறை பழைய கோப்புகள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, அதில் தண்ணீர். மகளைவிடக் கொஞ்சம் வயதில் பெரியவள் போலிருந்த பெண். ‘எப்படி இருக்கீங்க?’ என்று அவள் கேட்டதும் சலவை மேடம் மடைதிறந்த மாதிரி பேசினாள். உலர்த்தி பார்க்கிறவருக்கு முதுகுவலி, அழுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருத்திக்கு வீட்டில் நிம்மதி இல்லை, சத்தத்துக்குக் காது கேட்பது குறைகிறது, எல்லோருக்கும் ஏதாவது செய்ய வேண்டும். ஆலோசகர் குறுக்கிடாமல் கேட்டாள். நேரம் முடிகிற சமயத்தில், “நீங்க?” என்றாள்.

“நான்தான் சொல்றேனே.”

“நீங்க உங்களைப் பத்தி இன்னும் ஒண்ணுமே சொல்லல.”

அவள் உண்மையாகவே குழம்பிப்போனாள். இதுவரை பேசியது வேறு யாரைப் பற்றியாம்?

இரண்டாவது முறை போனபோது உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டாள். “நான் பேசறது நிர்வாகி காதுக்குப் போகுமா?”

“போகாது. உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னு தோணினா மட்டும் நான் பேச வேண்டி வரும். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்.”

“அப்ப போகும்ங்கறீங்களா, போகாதுங்கறீங்களா?”

ஆலோசகர் சிரித்துவிட்டாள். “போகாதுங்க.”

நம்புவதா வேண்டாமா என்று அன்றைக்கும் முடிவு செய்ய முடியவில்லை. ஆனாலும் பேச்சு வெளியே வந்துவிட்டது. வெளிக் கம்பெனி, பள்ளிக்கூடம், குருவியின் வீடு, தள்ளுவண்டி, எண்ணெய்க் கடை எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தன. சொல்லி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. வாக்குத் தவறிவிட்டோமே என்று.

“இவ்வளவையும் தனியாவா வெச்சிருந்தீங்க?” என்றாள் ஆலோசகர். “வீட்டுல கூடச் சொல்லலையா?”

“நிர்வாகி யார்கிட்டயும் கூடாதுன்னு சொன்னாரே.”

“நிர்வாகிகிட்ட கடைசியா எப்ப கேட்டீங்க, அது என்ன ஆச்சுன்னு?”

“கேட்டதில்ல.”

“ஏன்?”

ஏன் என்று தெரியவில்லை. ஒருவேளை கேட்டால் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவாரோ என்பதுதான் காரணமோ என்னவோ.

ஒரு வழியாக மனசைத் திடப்படுத்திக்கொண்டு நிர்வாகியிடம் போனாள். பெல்ட், சோப்பு எதுவும் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

“சார், அந்த வெளிக் கம்பெனி விஷயம் என்ன ஆச்சு?”

நிர்வாகி புருவத்தைச் சுருக்கினார். “எந்தக் கம்பெனி?… அதுவா! அது ஒத்துவரலைன்னு அப்பவே விட்டாச்சே மேடம். நாலஞ்சு மாசம் இருக்கும். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?”

“யார் சார் சொல்லணும்?”

அவளுக்கு அதைச் சொன்னது அவர் ஒருவர்தான். கேள்வி அறையைச் சுற்றிவிட்டு அவரிடமே வந்து நின்றது. முகம் மெல்லச் சிவந்தது.

“நான்தான் சொல்லியிருக்கணும்” என்றார். “தலைக்கு மேல வேலை மேடம். ஒரு விஷயம் முடிஞ்சுதுன்னா அப்பாடான்னு மறந்துடறேன். நீங்க இதைத் தூக்கிட்டு நடக்கறீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.”

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. சந்தோஷமாவது வர வேண்டும், அதுவும் வரவில்லை. படியிறங்கும்போது மாதங்களைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தாள். குருவி வீட்டுக்காக வந்து நின்ற நாளில் சொல்லாமல் காக்க ஒரு ரகசியமே இருந்திருக்கவில்லை. இல்லாத ஒன்றைக் காப்பாற்றுவதற்காக அவளை இழந்திருக்கிறாள்.

குருவியைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள். குருவி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கீச்சும் இல்லை. கடைசியில், “எங்க எல்லாரோட பொழப்பும் போகப்போகுதுன்னு தெரிஞ்சுகிட்டு தினமும் எங்க மூஞ்சியைப் பாத்துட்டு இருந்திருக்க” என்றாள்.

“சொல்லக்கூடாதுன்னாங்க.”

“சரி.” கொஞ்சம் கழித்து, “நானா இருந்தா சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தா எல்லாரும் வேற வேலை தேடி ஓடியிருப்போம். அப்புறம் அது நடக்கவே இல்லைன்னு ஆகியிருக்கும். அதனால நீ பண்ணினது தப்புன்னும் சொல்ல முடியல, சரின்னும் சொல்ல முடியல. ஆனா அந்த மொட்டை மாடி போச்சு” என்றாள்.

மறுநாள் காலையில் வழக்கம் போலக் கிளம்பி, பஸ்ஸைப் பிடித்து, ஆஸ்பத்திரி வந்து, அடித்தளத்துக்குப் போகும் சரிவில் நின்றாள். கால் இறங்க மறுத்தது. பாரம்தான் இறங்கிவிட்டதே, இனிமேல் என்ன கேடு என்று தன்னையே திட்டிப் பார்த்தாள். கால் கேட்கவில்லை. அழுக்குத் துணி வண்டிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. சத்தம் கீழிருந்து, “மேடம், என்ன ஆச்சு?” என்று கேட்டது தெருவுக்கே கேட்டது. அவளால் அதற்கும் பதில் சொல்ல முடியவில்லை.

ஆலோசகர்தான் அவளை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். இதற்கு ஒரு பெயரும் சொன்னார், மாத்திரையும் தந்தார், சில வாரம் விடுப்பு எடுத்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். ‘நார்மல்’ என்று சொல்லாத முதல் டாக்டர். அதில் அவளுக்கு ஒரு விசித்திரமான ஆறுதல்.

“கவலை தீர்ந்தப்புறம் எதுக்கு டாக்டர் விழணும்?” என்று கேட்டாள்.

“தீர்ற வரைக்கும் விழறதுக்கு உங்களுக்கு நேரம் இல்ல” என்றார் அவர். அது வேடிக்கையா வைத்தியமா என்று அவளுக்குப் புரியவில்லை.

விடுப்பு நாட்கள் எப்படிப் போயின என்று பிற்பாடு அவளால் கோவையாகச் சொல்ல முடிந்ததில்லை. நிறையத் தூங்கினாள். காரணம் இல்லாமல் அழுதாள். காரணம் தேடி ஓய்ந்தாள். முதல் சில நாள் சலவைப் பிரிவிலிருந்து யாராவது தொலைபேசியில் கூப்பிட மாட்டார்களா என்று பார்த்தாள். கூப்பிட்டால் பயந்தாள். மகள் தன் பங்குக்கு அம்மாவிடம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். ‘தோசையா, இட்லியா’ என்று கேட்பதற்குப் பதிலாகத் தட்டில் எதையோ வைத்து நீட்டுவாள். அந்தக் கருணை புரிந்தபோது அதற்கும் அழுகை வந்தது.

ஒரு முற்பகல், மாணவர் யாரும் இல்லாத நேரத்தில், கணவர் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே அவளை வெளியே கூட்டிப்போனார். அவர் ஓட்ட, பக்கத்தில் வாத்தியார் சீட்டில் அவள் உட்கார்ந்தாள். காலுக்கடியில் வாத்தியார் மிதிப்பதற்கென்று இன்னொரு பிரேக் இருந்தது.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க இதை மிதிப்பீங்க?”

“மிதிக்கறதே அபூர்வம்மா.”

“அப்ப சாயங்காலம் ஏன் கால் வலிக்குதுன்னு எண்ணெய் தேய்ச்சுக்கறீங்க?”

“மிதிக்கறதில்ல. ஆனா காலை அது மேலயேதானே வெச்சிருக்கணும், நாள் பூரா?”

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷமாகக் கால்வலி என்றால் தைலத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாளே தவிர, ஏன் என்று கேட்டதில்லை. பிறகு அந்தக் காரிலேயே வெளிக் கம்பெனி விஷயத்தை ஆதியோடந்தமாக அவரிடம் சொன்னாள். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார். அறிவுரை ஏதும் சொல்லவில்லை. “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்மா” என்று மட்டும் சொன்னார். அதில் மனத்தாங்கல் இருந்தது. அதையும் அவள் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

மீண்டும் வேலைக்குப் போனபோது முதலில் அரை நாள்தான். சரிவில் இறங்கக் கூடவே சத்தம் வந்தார், ஆச்சரியமாக வாயைத் திறக்காமல். கீழே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இல்லாதபோது ஒரு நாள் குழந்தைகள் வார்டுக்குப் பெரியவர்களின் உடுப்பு போய், குழந்தைகள் எல்லாம் அங்கி தரையில் புரள ஊர்வலம் போனதாகச் சொன்னார்கள். மற்றபடி ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. அதைக் கேட்டு நிம்மதியா, மன வருத்தமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. வார்டுகளுக்குத் துணி அனுப்பும் வேலை முழுவதையும் சத்தத்திடமே விட்டுவிட்டாள். விட்ட பிறகும் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

நிர்வாகி கீழே இறங்கி வந்து அவளைப் பார்த்தார். அவர் அந்த அடித்தளத்துக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, “நான் என்ன செஞ்சா நல்லாருக்கும் மேடம்?” என்றார்.

“எதையாவது சுமக்கச் சொன்னீங்கன்னா, இறக்கிவைக்கவும் சொல்லுங்க சார்.”

அவர் தலையாட்டினார். எழுந்து போகவில்லை. உருளையில் விரிப்புகள் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே, “எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க. அவங்க சொல்றதுல பாதி எனக்கே புரியறதில்ல. புரிஞ்ச மாதிரி இங்க வந்து சொல்றேன்” என்றார். அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் போனார்.

குருவி இன்னும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுகிறாள். சாப்பாட்டு மேஜைக்கு இவள் வாரத்தில் சில நாள் போகிறாள். சில நாள் பேச்சு மாறுகிறது, சில நாள் மாறாமலே ஓடுகிறது. எதனால் என்று கண்டுபிடிக்கும் முயற்சியை விட்டுவிட்டாள்.

ஆலோசகர் ஒரு யோசனை சொன்னாள்: தனித்தனியாகப் பார்ப்பது போக, மேற்பார்வையாளர்கள் எல்லோரும் மாதம் ஒரு தடவை ஒன்றாக உட்காரலாமே. நிர்வாகி சரி என்றார். முதல் கூட்டத்துக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சமையல் கூடத்தின் தலைவர், காவலர்களின் தலைவர், மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர், தலைமைச் செவிலியர், சலவை மேடம். தினமும் தாழ்வாரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறவர்கள்தான். அன்றைக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலர் தலைவர் ஓடாத மின்விசிறியையே ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“என்ன பேசணும்னு எனக்கும் தெரியல” என்றாள் சலவை மேடம். “எனக்கு வந்ததைச் சொல்றேன். அது என்னன்னு இன்னும் சரியா விளங்கல.” சொன்னாள். ஒழுங்காகச் சொல்லவில்லை, நடுவில் இரண்டு தடவை நூலை விட்டுவிட்டுத் திரும்பத் தேடினாள்.

தப்பாகப் பேசிவிட்டோமோ என்று அவள் நினைத்த நேரத்தில் சமையல் கூடத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

“எனக்கு ஒரு சந்தேகம்” என்றார். “நோயாளிங்க சாப்பாடு எல்லாத்தையும் நான்தான் ருசி பாத்து மேல அனுப்பறேன். கொஞ்ச நாளா எனக்கு ருசியே தெரியல. உப்பு இருக்கா, இல்லையான்னு தெரியாது. பக்கத்துல நிக்கறவர் மூஞ்சியைப் பாத்துட்டு, சரின்னு தலையாட்டி அனுப்பிடறேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. இது நாக்குல கோளாறா, இல்ல இந்த மாதிரி ஏதாவதா?”

காவலர் தலைவர் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தார். நாற்காலியைக் கரகரவென்று இழுத்து அவர் பக்கம் போட்டுக்கொண்டார்.

“எப்பலேர்ந்துங்க?” என்று கேட்டார்.